டாக்டராக நினைக்கும் பெண்ணுக்கு எந்தக் கணக்கு?

கேள்வி: என் மகள் நியூஜெர்சியில் உயர்நிலைப் பள்ளியை முடித்துவிட்டு, இங்கேயே மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கச் சேர்கிறாள். அடுத்து மெடிக்கல் ஸ்கூல் என்பது அவள் கனவு. பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏ.பி.யில், கால்குலஸ் பி.சி. பாடத்தில் அதிகபட்சமான 5 வாங்கியிருக்கிறாள். என் கணவர் இன்ஜினியர். "கணக்கில் கெட்டிக்காரி, கால்குலஸ் 3, லீனியர் ஆல்ஜிப்ரா எல்லாம் எடுக்கட்டும், விண்ணப்பத்தில் எடுப்பாக இருக்கும்" என்கிறார். நண்பர் வீட்டுப் பையன் மெடிக்கல் ஸ்கூலில் படிக்கிறான். அவனோ, "ஆன்ட்டி, கணக்குப் பக்கமே போக வேண்டாம், ஒரு பாடத்தில் பி கிரேடு வந்தால் ஜி.பி.ஏ. என்கிற கிரேடு சராசரி போச்சு" என்கிறான். மகள் புள்ளியியல் எடுக்கப் போவதாகச் சொல்கிறாள். நாங்கள் இருவரும் திருச்சியில் படித்தவர்கள். இந்த ஊர் முறை பிடிபடவில்லை. அடுத்த மாதம் பாடங்களைப் பதிவு செய்ய வேண்டும். என்ன செய்வது?

– எடிசனிலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். அதில் உங்கள் மகள் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. புள்ளியியல் எடுக்கட்டும். ஒப்புக்கு ஒன்று என்று இல்லாமல் ஆழமாகப் படிக்கட்டும். பிறகு ஒரு பருவத்தில் உயிர்ப்புள்ளியியலும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. கால்குலஸ் 3 அவளாக ஆசைப்பட்டால் மட்டும் போதும்.

நம் ஊரில் பிளஸ் ஒன்னில் குரூப் எடுத்த அன்றே பாதி முடிவாகிவிடும். இங்கே அப்படி இல்லை. ப்ரீ-மெட், அதாவது மருத்துவத்துக்கு முந்தைய தயாரிப்பு, பெரும்பாலும் தனிப் பட்டம் கிடையாது. எந்தப் பட்டம் படித்தாலும், மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் சில பாடங்களை முடித்து, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி விண்ணப்பிக்கலாம். உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளும் எதிர்பார்க்கின்றன. கணக்கு விஷயத்தில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. கணக்கே கேட்காத கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்றோ இரண்டோ பருவம் கணக்கு வேண்டும், அது புள்ளியியலாகவும் இருக்கலாம் என்று சொல்பவை இருக்கின்றன. கால்குலஸ் என்று பெயர் சொல்லிக் கேட்பவை குறைவு. டெக்சஸ் மாநிலக் கல்லூரிகள் புள்ளியியலைத்தான் கேட்கின்றன. இன்னொரு கோடியில், ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து நடத்தும் ஹெச்.எஸ்.டி. என்ற மருத்துவப் பிரிவு, கால்குலஸைத் தாண்டி வகைக்கெழுச் சமன்பாடுகள் வரை எதிர்பார்க்கிறது. அது ஆராய்ச்சிப் பக்கம் சாய்ந்த பிள்ளைகளுக்கானது.

எந்தக் கல்லூரி என்ன கேட்கிறது என்பதை ஏ.ஏ.எம்.சி. என்ற அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் எம்.எஸ்.ஏ.ஆர். என்ற பெயரில் தொகுத்து வைத்திருக்கிறது. முழுவதும் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். முதல் ஆண்டிலேயே கட்ட வேண்டியதில்லை. இப்போதைக்கு நியூஜெர்சியிலும் பக்கத்து மாநிலங்களிலும் அவளுக்குப் பிடித்த சில கல்லூரிகளின் சேர்க்கைப் பக்கங்களை அவளே படித்துப் பார்த்தால் போதும்.

அடுத்தது ஏ.பி. விவகாரம். பல குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பி.சி. தேர்வில் 5 வாங்கினால் பல பல்கலைக்கழகங்கள் கால்குலஸ் 1, 2 இரண்டுக்கும் கிரெடிட் கொடுத்துவிடும், அதாவது படித்து முடித்ததாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டதை மருத்துவக் கல்லூரியும் ஏற்கும் என்று உறுதி இல்லை. சில ஏற்கும். சில, கல்லூரியின் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடமும் கிரெடிட்டும் பெயரோடு பதிவாகியிருந்தால் ஏற்கும். சில, ஏ.பி. இருந்தாலும் அதற்கு மேல் கல்லூரியில் ஒரு கணக்குப் பாடமாவது படித்திருக்க வேண்டும் என்று சொல்லும். இந்த மூன்றாவது வகைக்கும் பல நேரம் புள்ளியியலே போதுமானதாக இருக்கும் என்பதால்தான் மகளின் முடிவு எனக்கு இன்னும் பிடிக்கிறது. ஏ.பி. கிரெடிட்டை விடாமல் பதிவு செய்துகொண்டு, மேலே கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டால் பெரும்பாலான கதவுகள் திறந்தே இருக்கும்.

'சுலபமாக ஏ வாங்கலாம்' என்று 5 வாங்கிய பிள்ளைகளே மறுபடி கால்குலஸ் 1 வகுப்பில் போய் உட்காருவதைப் பார்க்கிறேன். அடித்தளம் ஆட்டம் காண்கிறது என்றால் அது நியாயம். உங்கள் மகளுக்கு அந்தத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை. அதே பாடத்தை மறுபடி எடுத்தால் கையிலிருக்கும் ஏ.பி. கிரெடிட் பறிபோகவும் கூடும். தெரிந்ததையே படிக்க ஒரு பருவத்தைச் செலவழிப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

அந்தப் பையன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எம்.டி. என்பது இங்கே டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டம். பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் போக வேண்டும். அது மொத்த ஜி.பி.ஏ.வோடு, உயிரியல், வேதியியல், இயற்பியல், கணக்கு நான்கையும் சேர்த்து பி.சி.பி.எம். என்று தனிச் சராசரியும் போடுகிறது. ஆகவே கணக்கில் வாங்கும் கிரேடு அறிவியல் சராசரியில் ஏறத்தான் செய்யும். ஆனால் ஒரு பி-யால் 'போச்சு' என்பது மிகை. அறிவியல் பாடங்கள் மொத்தம் 60 கிரெடிட், அதில் 4 கிரெடிட் பாடம் ஒன்றில் மட்டும் பி, மற்றதெல்லாம் ஏ என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 4.0-விலிருந்து 3.93-க்கு இறங்கும். அவ்வளவுதான். இதற்குப் பயந்து கணக்கையே ஒதுக்குவது தேவையில்லாத பயம். அதே சமயம், ஆர்வமில்லாமல் அப்பாவுக்காகக் கால்குலஸ் 3 எடுத்து சி வாங்கினால் அந்தச் சரிவு இரண்டு மடங்காகும். மறுபடி எடுத்துச் சரிசெய்யலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஆம்காஸ் இரண்டு கிரேடையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். புள்ளியியலை உளவியல் துறை நடத்தினாலும் ஆம்காஸ் பாடத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்து அதைக் கணக்கு என்றே வகைப்படுத்தும். உயிர்ப்புள்ளியியலும் அப்படித்தான். பாஸ்-ஃபெயில் முறையில் மட்டும் எடுக்க வேண்டாம். அது சராசரியில் சேராது, தேவைப் பட்டியலில் ஏற்பார்களா என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

எம்கேட்டில் கால்குலஸ் கிடையாது. கால்குலேட்டரும் கிடையாது. இயற்பியல், வேதியியல் பகுதியில் 59 கேள்விகளுக்கு 95 நிமிடம். அதற்குள் விகிதம், அடுக்குக்குறி, மடக்கை எல்லாம் மனக்கணக்காக ஓட வேண்டும். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 3 × 10⁻⁵ என்று பார்த்ததும், பி.ஹெச். நாலரைக்குப் பக்கத்தில் என்று சொல்லத் தெரிய வேண்டும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட கால்குலேட்டர் பழக்கத்தால் இங்கே தடுமாறுவார்கள். இதற்குத் தனி வகுப்பு வேண்டாம், வேதியியல் வீட்டுப்பாடத்தைக் கையால் போட்டுப் பழகினாலே வந்துவிடும். அதோடு வரைபடம் படிப்பது, ஆய்வு முடிவை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க உதவும் பி-மதிப்பு, நம்பிக்கை இடைவெளி என்று புள்ளியியலும் அந்தத் தேர்வில் வருகிறது. ஆகவே எம்கேட் எழுதும் முன்பே அந்தப் பாடம் முடிந்திருப்பது நல்லது.

தேவைப் பட்டியலையும் தேர்வையும் விட்டுவிடுவோம். டாக்டருக்குப் புள்ளியியல் எதற்கு? 1978-இல் ஹார்வர்டின் மருத்துவமனைகளில் டாக்டர்கள், பயிற்சி டாக்டர்கள், மாணவர்கள் என்று 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய். நோய் இல்லாதவர்களிலும் 5 சதவீதம் பேருக்கு 'இருக்கிறது' என்று தவறாகக் காட்டும் சோதனை. ஒருவரைப் பற்றி வேறு எதுவும் தெரியாது, சோதனை மட்டும் 'இருக்கிறது' என்கிறது. அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? அதிகம் பேர் சொன்ன பதில் 95 சதவீதம். சரியான விடை சுமார் 2 சதவீதம். ஆயிரம் பேரைச் சோதித்தால் நோயாளி ஒருவர், தவறாக மாட்டிக்கொள்பவர்கள் ஏறக்குறைய 50 பேர். 51 பேரில் ஒருவருக்குத்தான் நோய். அந்த 60 பேரில் சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்.

இதில் கால்குலஸ் ஒரு துளியும் இல்லை. பெருக்கல், வகுத்தல் மட்டும்தான். ஆனால் இதைச் சிந்திக்கத் தெரியாத டாக்டர், நோயே இல்லாத ஒருவரை மாதக்கணக்கில் தூங்கவிடாமல் செய்துவிடுவார். "மாரடைப்பு அபாயத்தைப் பாதியாகக் குறைக்கும்" என்று ஒரு மருந்தைச் சொன்னால், நூறில் 2 பேர் என்பது ஒருவராகக் குறைந்ததா, 40 பேர் என்பது 20 ஆனதா என்று கேட்கத் தெரிய வேண்டும். முதல் வகை என்றால் ஒருவருக்குப் பலன் கிடைக்க நூறு பேர் அந்த மருந்தைச் சாப்பிட வேண்டும். உங்கள் மகள் எந்த ஊரில் டாக்டரானாலும், ஓய்வு பெறும் நாள் வரை இது அவளுக்குத் தேவைப்படும். எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அதனால் எந்தப் புள்ளியியல் வகுப்பு என்பதையும் பார்த்து எடுக்கட்டும். சூத்திரங்களை மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்பைவிட, உண்மையான தரவுகளைக் கொடுத்து, ஆய்வு எப்படி வடிவமைக்கப்பட்டது என்று கேள்வி கேட்க வைக்கும் வகுப்பு மேல். ஆர் போன்ற மென்பொருளும் அதில் சேர்ந்து வந்தால் பின்னால் ஆய்வகத்தில் வேலை கேட்கப் போகும்போது கைகொடுக்கும்.

உங்கள் கணவர் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. சி.டி. ஸ்கேனுக்காக 1979-இல் மருத்துவ நோபல் பரிசு வாங்கிய இருவரில் ஹவுன்ஸ்ஃபீல்ட் பொறியாளர், கோர்மக் இயற்பியலாளர். உடலுக்குள் போய் வரும் கதிர்களின் அளவுகளிலிருந்து உள்ளே இருப்பதைப் படமாக மீட்டெடுப்பது முழுக்க முழுக்கக் கணிதம். உங்கள் மகளுக்கு அந்தப் பக்கம் மனம் போகிறது, எம்.டி.யோடு பிஹெச்.டி.யும் பண்ண வேண்டும் என்கிறாள் என்றால், லீனியர் ஆல்ஜிப்ரா அருமையான முதலீடு. கணக்கையே மேஜராக எடுத்து மருத்துவத்துக்குப் போகவும் இங்கே இடம் உண்டு. ஆனால் 'விண்ணப்பத்தில் எடுப்பாக இருக்கும்' என்பது மட்டும் காரணம் என்றால் வேண்டாம். அந்த நேரத்தில் அவள் வேதியியலை உறுதியாகப் பிடிக்கட்டும், ஒரு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ போய் நோயாளிகளோடு பழகட்டும். கணவரிடம் இதை நீங்கள் சொல்வதைவிட, மகளே அப்பாவோடு உட்கார்ந்து, 'எனக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது' என்று பேசட்டும்.

முதல் பருவத்தில் பொது வேதியியலும் உயிரியலும் ஆய்வகத்தோடு வரும், அதுவே கனம். புள்ளியியலை இரண்டாவது பருவத்துக்கோ இரண்டாம் ஆண்டுக்கோ தள்ளினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. பதிவு செய்யும் முன் ப்ரீ-மெட் அட்வைசரிடம் அவளே கேட்க வேண்டியவை இவை. ஏ.பி. கால்குலஸ் கிரெடிட் மதிப்பெண் பட்டியலில் எந்தப் பாடத்தின் பெயரில் ஏறும்? உயிரியல் பட்டத்துக்கென்று துறையே கட்டாயமாகக் கேட்கும் கணக்கு எது? இயற்பியலை ஆல்ஜிப்ரா வழியில் எடுத்தால் போதுமா, கால்குலஸ் வழியில்தான் எடுக்க வேண்டுமா? இந்தப் பதில்களை எழுதி வாங்கிக்கொண்டு வந்தால், எந்தப் பருவத்தில் எதை வைப்பது என்பதை வீட்டில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம்.