போலீஸ் நிறுத்தும்போது காரில் துப்பாக்கி இருந்தால்

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தில் கிரீன் கார்டுடன் வசிக்கிறேன். கைத்துப்பாக்கிக்கு உரிமம் பெற்றிருக்கிறேன். சாலையில் போலீஸ் நிறுத்தினால், துப்பாக்கி இருப்பதை நானே சொல்ல வேண்டுமா? காரைச் சோதனையிட வேண்டும் என்றால் மறுக்கலாமா?

பதில்: டெக்சாஸில் நீங்களாக முந்திச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. காவலர் அடையாள அட்டையைக் கேட்டால், ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் காட்ட வேண்டும். மாநில எல்லையைத் தாண்டினால் விதி மாறிவிடும். மிச்சிகனில் நிறுத்தப்பட்ட உடனேயே சொல்லியாக வேண்டும். ஒஹாயோவில் 2022 முதல், கேட்டால் சொன்னால் போதும். வெளிமாநிலம் புறப்படும் முன் அந்த மாநிலத்தின் விதியையும், உங்கள் உரிமம் அங்கே செல்லுமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கட்டாயம் இல்லாத இடத்திலும் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. 2016-ல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்பவரின் காரை நிறுத்தினார்கள். உரிமம் பெற்றிருந்த அவர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் மரியாதையாகவே சொன்னார். சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கியை எடுக்கப் போகிறார் என்று நினைத்ததாகக் காவலர் கூறினார். ஜூரி அவரை விடுவித்தது. இந்த அநியாயத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: முதலில் இரு கைகளையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். "என்னிடம் உரிமம் இருக்கிறது" என்று தொடங்கி, துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று சொல்லி, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்லும்வரை கையை எதற்கும் நீட்டாதீர்கள். காரின் ஆவணங்களைத் துப்பாக்கி இருக்கும் பெட்டியில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

காரிலிருந்து இறங்கச் சொன்னால் இறங்கத்தான் வேண்டும். உச்ச நீதிமன்றம் 1977-லேயே அதற்கு அனுமதி அளித்துவிட்டது. பாதுகாப்புக்குத் தேவை என்று நியாயமாகக் கருதினால், டெக்சாஸ் காவலர் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கலாம். குற்றமோ ஆபத்தோ இல்லையென்றால் உங்களை அனுப்பும் முன் திருப்பித் தர வேண்டும்.

சோதனை விஷயத்தில் உங்கள் உரிமை வலுவானது. "காரைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். மறுக்கும் உரிமை உண்டு என்பதை அவர்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 1973-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. தலையை ஆட்டினாலும் சம்மதமாகிவிடலாம். "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று அமைதியாக, வாய்விட்டுச் சொல்லுங்கள். குற்றத்துக்கான தகுந்த ஆதாரம் இருந்தால் வாரண்ட் இல்லாமலும் காரைச் சோதிக்கலாம். நீங்கள் ஆபத்தானவர் என்று நியாயமாகச் சந்தேகித்தால் கைக்கெட்டும் இடங்களில் ஆயுதம் தேடலாம். அப்போது தடுக்காதீர்கள். சம்மதிக்கவில்லை என்று நீங்கள் சொன்னது பிறகு நீதிமன்றத்தில் பயன்படும். நியாயமான சந்தேகம் இல்லாமல், மோப்ப நாய் வரும்வரை நிறுத்தத்தை நீட்டிப்பதும் 2015 தீர்ப்பின்படி தவறு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட நண்பரிடம் துப்பாக்கி இருக்கும் காரை ஓட்டக் கொடுக்காதீர்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு உள்ள உங்களையும் நாடு கடத்த முடியும். ஆகவே வழக்கு ஏதும் வந்தால், அபராதம்தானே என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.