டல்லாஸ் விமான நிலையத்தில் பிடித்த 18,000 டாலர்: நீதிமன்றத் தேதி ஏன் வரவில்லை?

அமெரிக்காவின் டல்லாஸ் விமான நிலையத்தில் அதிகாரிகள் பிடித்த உங்கள் 18,000 டாலரைக் கேட்டு மனுப் போட்டும் நீதிமன்றத் தேதி வரவில்லை என்கிறீர்கள். தேதி வராது. நீங்கள் போட்டது ‘பெட்டிஷன்’, அதாவது பணத்தைத் திருப்பித் தரும்படி துறையிடமே கேட்கும் மனு. அது நீதிமன்றத்துக்கே போகாது, பணத்தைப் பிடித்த துறையே உட்கார்ந்து முடிவு செய்யும். நீதிபதி முன் போக ‘க்ளெய்ம்’, அதாவது பணத்தில் உங்களுக்கு உரிமை உண்டு என்று கோரும் மனு, போட வேண்டும். பணத்தைப் பிடித்தது பற்றித் துறை அனுப்பிய கடிதத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், பலர் தடுமாறுவது அங்கேதான்.

கடிதத்தை எடுத்துக் கடைசித் தேதியைப் பாருங்கள். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 35 நாள் தந்திருப்பார்கள். தேதி தாண்டவில்லையா? இன்றே க்ளெய்ம் அனுப்புங்கள். எந்தப் பணம், உங்களுக்கு அதில் என்ன உரிமை என்று எழுதி, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியோடு நீங்களே கையெழுத்திட வேண்டும். வக்கீல் கையெழுத்து மட்டும் போதாது. முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம்.

க்ளெய்ம் போட்ட பிறகு, 2000-ஆம் ஆண்டின் பறிமுதல் சீர்திருத்தச் சட்டப்படி அரசுக்கு 90 நாள். அதற்குள் வழக்குப் போட வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நீதிமன்றம் அவகாசத்தை நீட்டிக்கவும் செய்யலாம்.

ஒன்று மட்டும் கவனம். இதெல்லாம் கூட்டாட்சித் துறை, அதாவது அமெரிக்க மத்திய அரசின் துறை, பிடித்திருந்தால்தான். டெக்சாஸ் போலீஸ் மாநிலச் சட்டத்தில் பிடித்திருந்தாலோ, சுங்கச் சட்டப் பறிமுதல் என்றாலோ கணக்கே வேறு. உங்கள்மேல் குற்ற விசாரணை இருந்தால் வக்கீலைக் கேட்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.