இயங்குதளம் புதிது, கார்டு பழையது: ஜிபியு டிரைவர் பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றி வருகின்றன. இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றியவுடன், கிராஃபிக்ஸ் கார்டின் செயலியான ஜிபியுவில் இணையாக ஓடிக்கொண்டிருந்த கணக்கீட்டு நிரல்கள் நின்றுவிடுகின்றன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் பாய்மங்களின் ஓட்டத்தைக் கணக்கிடும் நிரல் ஒன்றை, என்விடியாவின் ஜிபியு நிரலாக்கத் தளமான குடாவில் எழுதி, ஜிடிஎக்ஸ் 1080 கார்டில் பல ஆண்டுகளாக ஓட்டி வந்தோம். அண்மையில் லினக்ஸின் புதிய பதிப்பை நிறுவி, என்விடியா டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), குடா டூல்கிட் (குடா நிரல்களைத் தொகுக்கும் கருவிகள்) இரண்டிலும் கிடைத்தவற்றுள் ஆகப் புதியதையே போட்டோம். இப்போது கார்டே இல்லை என்கிறது நிரல். கார்டு பழுதாகிவிட்டதா? – முனைவர் பட்ட ஆய்வு மாணவர் ஒருவர்

பதில்: கார்டு பழுதாகவில்லை. புதிய டிரைவர் அதைக் கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான். உங்கள் கார்டு 2016இல் வெளிவந்த பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்தது. மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா ஆகிய மூன்று தலைமுறைகளுக்கும் 580 என்னும் டிரைவர் கிளையே (பதிப்பு வரிசையே) கடைசி. அதற்கு அடுத்த கிளைகள் இந்தக் கார்டுகளைப் பார்த்தும் பாராமல் ஒதுங்கிவிடும். இயங்குதளத்தின் கருவான கெர்னலின் பதிவுகளைத் திறந்து, 'என்விஆர்எம்' என்று தொடங்கும் வரிகளைத் தேடிப் பாருங்கள். இந்த ஜிபியுவுக்கு இன்ன பழைய கிளை டிரைவர்தான் பொருந்தும், தற்போதைய டிரைவர் இதனைப் பொருட்படுத்தாது என்ற பொருளில் ஒரு வரி அங்கே இருக்கக்கூடும். நிரல் தரும் பிழைச்செய்தியைக் காட்டிலும் அந்த ஒரு வரி பல மடங்கு தெளிவானது. ஆனால் பெரும்பாலோர் அதைப் பார்ப்பதற்கு முன்பே இயங்குதளத்தை இரண்டாம் முறை நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள்.

சரி, 580 கிளைக்குத் திரும்பினால் போதுமா என்றால், போதாது. டூல்கிட்டிலும் இதே வெட்டு விழுந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த குடா 13, இந்த மூன்று தலைமுறைகளுக்கும் நிரலை எந்திரக் குறிமுறையாகத் தொகுத்துத் தருவதை நிறுத்திவிட்டது; அடுத்து வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் அதன் ஆதரவு தொடங்குகிறது. எனவே நீங்கள் குடா 12 வரிசையிலேயே தங்க வேண்டும். அந்த வரிசையின் கடைசிப் பதிப்பான 12.9ஐ நிறுவி, தொகுக்கும்போது உங்கள் கார்டின் கணிப்புத்திறன் எண்ணான 6.1ஐக் குறிப்பிட்டால் நிரல் பழையபடி ஓடும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. அதில் அனுபவசாலிகளும் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். என்விடியா நிறுவனம் 2022 மே மாதத்தில் டிரைவரில் கெர்னலுக்குள் சென்று அமரும் பகுதிகளான கெர்னல் மாட்யூல்களைத் திறமூலமாக வெளியிட்டது. அப்போதிருந்து ஒரே டிரைவருக்கு மூடிய மாட்யூல், திறந்த மாட்யூல் என்று இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. திறந்த வடிவம், டிரைவர் செய்துவந்த வேலைகளில் பெரும்பகுதியைக் கார்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு செயலியிடம் ஒப்படைத்து இயங்குவது; அந்தச் செயலி டூரிங் தலைமுறையிலிருந்துதான் கார்டுகளில் இடம்பெற்றது. பாஸ்கல் கார்டில் அது இல்லாததால், 580 கிளையையே தேர்ந்தெடுத்தாலும், நிறுவும் தொகுப்பின் பெயர் 'ஓபன்' என்று முடிந்தால் உங்களுக்குப் பயன்படாது. பிளாக்வெல் தலைமுறைக் கார்டு வாங்கியவர்களுக்கோ நிலைமை நேர்மாறு: அவர்களுக்குத் திறந்த மாட்யூல் மட்டுமே வேலை செய்யும். புதிய இயங்குதளங்களின் நிறுவிகள் பெரும்பாலும் திறந்த வடிவத்தையே முன்னிறுத்துவதால், பழைய கார்டு வைத்திருப்பவர் தொகுப்பின் முழுப் பெயரையும் படித்துப் பார்த்துத்தான் நிறுவ வேண்டும்.

இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன்பு கார்டிலிருந்து மேல்நோக்கி வாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இந்தக் கார்டுக்குக் கடைசி டிரைவர் கிளை எது, அந்தக் கிளை எந்த டூல்கிட்டைத் தாங்கும், அந்த டிரைவர் எந்தக் கெர்னல் வரை தொகுக்கப்படும் என்ற மூன்றுக்கும் விடை கண்ட பிறகே இயங்குதளத்தின் பதிப்பைத் தீர்மானிக்க வேண்டும். மேக்ஸ்வெல்லுக்கும் முந்திய கெப்ளர் கார்டுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தாலே இது விளங்கும். அவற்றுக்கான ஆதரவு 470 கிளையோடு முடிந்தது. குடா 12 அவற்றை ஏற்பதில்லை. புதிய கெர்னல்களில் 470ஐத் தொகுக்க வேண்டுமானால், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களைப் பராமரிப்பவர்கள் தாங்களாகவே ஒட்டுப்போட்டுத் தரும் திருத்தங்களை நம்ப வேண்டியிருக்கிறது. 580 கிளைக்கும் ஒருநாள் அந்த நிலை வரும். ஆய்வேட்டுக்கான கணக்கீடுகள் முடியும்வரை, நீண்டகால ஆதரவுள்ள இயங்குதளப் பதிப்பு ஒன்றில் அந்தக் கணினியை நிறுத்திவையுங்கள்.

கேள்வி: கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை என் கணினியில் குடா 12.4 இருப்பதாகச் சொல்கிறது. டூல்கிட்டின் தொகுப்பியான என்விசிசியிடம் பதிப்பைக் கேட்டால் 11.5 என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், அவை இருவேறு பொருள்களைப் பற்றிப் பேசுகின்றன. என்விடியா-எஸ்எம்ஐ காட்டும் எண், நீங்கள் நிறுவிய டூல்கிட்டின் எண் அல்ல. தற்போதைய டிரைவர் அதிகபட்சமாக எந்தக் குடா பதிப்பு வரை தாங்கும் என்பதே அதன் பொருள். டூல்கிட் ஒன்றுமே நிறுவப்படாத கணினியிலும் அந்த எண் தெரியும். என்விசிசி சொல்வதுதான் டூல்கிட்டின் எண். உபுண்டு 22.04இன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து டூல்கிட்டை நிறுவினால் 11.5தான் கிடைக்கும், நீங்களும் அப்படித்தான் நிறுவியிருப்பீர்கள்.

டிரைவர் புதிதாகவும் டூல்கிட் பழையதாகவும் இருப்பதில் பிழையில்லை, ஏனென்றால் பழைய டூல்கிட்டில் தொகுத்த நிரலைப் புதிய டிரைவர் ஏற்கும். தலைகீழாக இருந்தால்தான், நிரல் பயன்படுத்தும் குடா ரன்டைம் லைப்ரரியின் பதிப்புக்கு டிரைவரின் பதிப்பு போதாது என்ற புகழ்பெற்ற பிழைச்செய்தி வரும். அதிலும் ஒரு சலுகை உண்டு: குடா 11 முதல், ஒரே முதன்மை எண்ணுக்குள் இருக்கும் பதிப்புகள் ஓரளவு ஒத்துப்போகின்றன. லினக்ஸில் 525.60.13 அல்லது அதற்குப் பிந்தைய டிரைவர் இருந்தால், குடா 12 வரிசையில் எதில் தொகுத்த நிரலும் பொதுவாக ஓடும். அந்த நிரல் கார்டுக்கு உரிய இறுதி எந்திரக் குறிமுறையைச் சுமந்து வராமல், பிடிஎக்ஸ் என்னும் இடைநிலை வடிவத்தை மட்டும் சுமந்து வந்தால் இந்தச் சலுகை செல்லாது. பிடிஎக்ஸை ஓடும் நேரத்தில் எந்திரக் குறிமுறையாக மாற்றுவது டிரைவரின் வேலை. தனக்குப் பிந்தைய டூல்கிட் எழுதிய பிடிஎக்ஸ் அதற்குப் புரியாது.

கேள்வி: கெர்னல் அப்டேட் வந்து கணினியை மறுபடி தொடங்கும்போதெல்லாம் ஜிபியு காணாமல் போகிறது. ஒவ்வொரு முறையும் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறேன். இதற்கு முடிவே இல்லையா?

பதில்: முடிவு உண்டு, முதலில் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். லினக்ஸ் கெர்னல், தன்னை வெளியிலிருந்து அழைக்கும் சாதாரண நிரல்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறது. பத்தாண்டுக்கு முன் தொகுத்த நிரலும் இன்று ஓடுவது அதனால்தான். ஆனால் தனக்குள் வந்து அமரும் மாட்யூல்களுக்கு அது எந்த வாக்கும் கொடுப்பதில்லை. உள்ளே இருக்கும் செயல்கூறுகளின் பெயரும் வடிவமும் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம் என்பது கெர்னலை எழுதுகிறவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. கெர்னல் மூலத்திலேயே இடம்பெற்றிருக்கும் டிரைவர்கள் அந்த மாற்றங்களோடு சேர்ந்தே திருத்தப்படும். வெளியிலிருந்து வரும் என்விடியா மாட்யூலோ, ஒவ்வொரு கெர்னலுக்கும் தனித்தனியாகத் தொகுக்கப்பட வேண்டும்.

அந்த வேலையைத் தானாகச் செய்வதற்கே டிகேஎம்எஸ் என்னும் கருவி இருக்கிறது. அது தோற்கும் இடங்கள் மிகச் சில. மாட்யூலைத் தொகுக்கத் தேவையான, புதிய கெர்னலுக்குரிய ஹெடர் தொகுப்பு நிறுவப்படாதிருப்பது முதற்காரணம். டிகேஎம்எஸ்ஸின் நிலையைக் கேட்கும் கட்டளையை ஓட்டினால், எந்தக் கெர்னலுக்கு மாட்யூல் நிறுவப்பட்டிருக்கிறது, எதற்கு வெறுமனே சேர்க்கப்பட்டு நிற்கிறது என்பது வரிவரியாகத் தெரிந்துவிடும். ஹெடர் தொகுப்பில் தனியொரு பதிப்பை நிறுவாமல், கெர்னலோடு சேர்ந்து தானாகப் புதுப்பிக்கப்படும் பொதுத் தொகுப்பை நிறுவினால் இந்தத் தொல்லை நிரந்தரமாக நீங்கும்.

மாட்யூல் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டும் ஏறவில்லை என்றால், செக்யூர் பூட்டைச் சந்தேகியுங்கள். அது இயக்கத்தில் இருக்கும்போது, நம்பகமான சாவியால் கையொப்பமிடப்படாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. உபுண்டு போன்ற வழங்கல்கள் நிறுவும்போதே ஒரு கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த முறை கணினி தொடங்கும்போது நீலத் திரை ஒன்றைக் காட்டும். அந்தத் திரை சில நொடிகளே காத்திருக்கும். ஏதேனும் ஒரு விசையை அழுத்தி உள்ளே சென்று, சாவியைப் பதிவு செய்யும் தேர்வை எடுத்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். கணினியைத் தொடங்கிவிட்டு எழுந்து சென்றவர் திரும்பி வருவதற்குள் அந்தத் திரை மறைந்துவிடுகிறது; சாவி பதிவாகாத நிலையில் கணினி வழக்கம்போலத் தொடங்குகிறது. தொலைவிலிருந்து இணைந்து கணினியை மறுதொடக்கம் செய்பவர்களுக்கு அந்தத் திரை கண்ணிலேயே படுவதில்லை. செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். பலர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினியில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாவியை ஒருமுறை பதிவு செய்துவிட்டால், அதன்பின் டிகேஎம்எஸ் அதே சாவியைக் கொண்டு கையொப்பமிட்டுக்கொள்ளும்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது: சில நாட்களில் மறுதொடக்கம் இல்லாமலே, டிரைவரும் லைப்ரரியும் பொருந்தவில்லை என்ற செய்தி வருகிறது என்கிறீர்கள். தானியங்கிப் புதுப்பித்தல் வட்டில் உள்ள லைப்ரரியை மாற்றிவிட்டது, நினைவகத்தில் ஓடும் மாட்யூல் பழையதாகவே இருக்கிறது என்பது அதன் பொருள். ஒரு முறை மறுதொடக்கம் செய்தால் போதும். நாட்கணக்கில் ஓடும் கணக்கீடு இருந்தால், டிரைவர் தொகுப்புகளை மட்டும் தானியங்கிப் புதுப்பித்தலிலிருந்து விலக்கி வையுங்கள்.

கேள்வி: என் மேக் கணினியில் குடா நிரல் எழுதிப் பழக விரும்புகிறேன். எந்த மேக் ஓஎஸ் பதிப்பு வேண்டும்?

பதில்: இப்போதைய மேக் ஓஎஸ் எதிலும் முடியாது. மேக் ஓஎஸ்ஸை ஆதரித்த கடைசிக் குடா டூல்கிட் 2019இல் வந்த 10.2. பல நிறுவனங்களின் கார்டுகளிலும் ஓடும் இணைக் கணிப்புத் தரமான ஓபன் சிஎல்லைத் தொடங்கிவைத்த ஆப்பிள் நிறுவனமே, 2018இல் வந்த மொஹாவே பதிப்பில் அதனைக் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்தக் கணினியில் இணைக் கணிப்பைப் பழக ஆப்பிளின் சொந்தத் தளமான மெட்டல்தான் வழி. குடாவே வேண்டுமென்றால் என்விடியா கார்டுள்ள வேறு கணினியில் தொலைவிலிருந்து இணைந்து பழகுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11இல், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2க்குள் உபுண்டுவை நிறுவியிருக்கிறேன். அதற்குள் லினக்ஸ் டிரைவரை எப்படி நிறுவுவது?

பதில்: நிறுவக் கூடாது. விண்டோஸில் உள்ள டிரைவரையே டபிள்யூஎஸ்எல் பயன்படுத்திக்கொள்கிறது. அதற்கான லைப்ரரி உள்ளே தானாக வந்து அமர்கிறது. உள்ளே லினக்ஸ் டிரைவரைப் போட்டால் அந்த லைப்ரரிக்கு இடைஞ்சல் செய்துவிடும். குடா டூல்கிட்டை நிறுவும்போதும், டிரைவரைச் சேர்க்காமல் டபிள்யூஎஸ்எல்லுக்கென்றே தரப்படும் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஏஎம்டி கார்டு, புதிய லினக்ஸ். ஓபன் சிஎல் வசதிகளைப் பட்டியலிடும் சிஎல்இன்ஃபோவை ஓட்டினால் பிளாட்ஃபார்ம்களின் எண்ணிக்கை சுழியம் என்கிறது. திரையில் படம் நன்றாகவே வருகிறது. டிரைவர் இருந்தும் இல்லாதது போல ஏன்?

பதில்: படம் வருவதற்கும் கணக்குப் போடுவதற்கும் வேறு வேறு லைப்ரரிகள் வேண்டும். ஏஎம்டியின் கெர்னல் டிரைவர் லினக்ஸோடு சேர்ந்தே வருவதால் திரைக்குக் குறையில்லை. ஓபன் சிஎல்லுக்கு மட்டும் பயனர் பக்கத்தில் தனி லைப்ரரி ஒன்று வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் ஐசிடி கோப்பு, இடிசிக்குள் ஓபன் சிஎல் அடைவின் வென்டார்ஸ் பகுதியில் (/etc/OpenCL/vendors) இருக்க வேண்டும். அந்த அடைவு காலியாக இருந்தால் ஏஎம்டியின் ராக்எம் அல்லது லினக்ஸின் வரைகலை லைப்ரரியான மெசாவின் ரஸ்டிசிஎல், இரண்டில் ஒன்றை நிறுவுங்கள்.

ஐசிடி கோப்பு இருந்தும் கார்டு தெரியவில்லை என்றால், அதே கட்டளையை முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக ஓட்டிப் பாருங்கள். ரூட்டுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியவில்லையானால், கோளாறு டிரைவரில் இல்லை, அனுமதியில்தான். உங்கள் பயனர் கணக்கை 'ரெண்டர்' குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். முன்பு 'வீடியோ' குழு மட்டும் போதுமானதாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் பின்பற்றுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

கேள்வி: எங்கள் நிரல் குடா 11இல் மட்டுமே தொகுக்கப்படுகிறது. புதிய இயங்குதளத்தின் சி தொகுப்பியான ஜிசிசியை என்விசிசி ஏற்க மறுக்கிறது. மூலநிரலைத் திருத்தி எழுத ஆளில்லை. பழைய இயங்குதளத்துக்கே திரும்பிவிடலாமா?

பதில்: திரும்ப வேண்டாம். என்விசிசியின் ஒவ்வொரு பதிப்பும் ஜிசிசியின் குறிப்பிட்ட பதிப்பு வரைதான் ஏற்கும். சோதனையைத் தவிர்க்கச் சொல்லும் விருப்பம் அதில் இருக்கிறது; ஆனால் அதைப் பயன்படுத்தினால் தொகுக்கும் வேலை பாதியில் நிற்கலாம், அல்லது நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று பின்னால் நினைக்க நேரலாம். பழைய ஜிசிசி ஒன்றைப் பக்கத்தில் நிறுவி அதையே பயன்படுத்தும்படி என்விசிசிக்குச் சொல்வது நல்ல வழி. ஆனால் புதிய இயங்குதளத்தின் சி லைப்ரரியும் இடையூறு செய்யக்கூடும். 2025 தொடக்கத்தில் வந்த ஜிலிப்சி என்னும் சி லைப்ரரியின் 2.41 பதிப்பில் புதிதாகச் சேர்ந்த சில கணிதச் செயல்கூறுகளின் பெயர்கள், குடாவின் ஹெடர் கோப்புகளில் முன்பே இருந்தவற்றோடு மோதியதால், ஜிசிசி சரியாக இருந்தும் பலருடைய நிரல்கள் தொகுக்கப்படவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது கன்டெய்னர், அதாவது நிரலையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் தனியே அடைத்துவைத்து ஓட்டும் முறை. குடா 11, அதற்குரிய ஜிசிசி, அதற்குரிய சி லைப்ரரி ஆகிய மூன்றும் சேர்ந்த பழைய உபுண்டு பிம்பம் ஒன்றைக் கன்டெய்னருக்குள் வைத்துக்கொண்டு, வெளியே புதிய இயங்குதளத்தையும் டிரைவரையும் வைத்திருக்கலாம். என்விடியாவின் கன்டெய்னர் டூல்கிட், வெளியே உள்ள டிரைவரின் லைப்ரரியை உள்ளே கொண்டுவந்து இணைத்துவிடும். கெர்னலும் டிரைவரும் மட்டும் எப்போதும் வெளியே இருப்பவையேதான். ஆகவே உங்கள் கார்டை வெளியில் உள்ள டிரைவர் கைவிட்டிருந்தால், கன்டெய்னருக்குள் எதை வைத்தும் பயனில்லை. முதற்கேள்வி கேட்ட மாணவரைப் போல நீங்களும் கார்டின் தலைமுறையை முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பிம்பத்தைத் தேர்ந்தெடுங்கள்.