ரோபோ தன் பாட்டுக்கு வெட்டாது

கேள்வி: எனக்குப் பித்தப்பையில் கல். பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேசன் செய்யவேணும் என்று சொல்லிப்போட்டார்கள். ரொறன்ரோவில் இருக்கிற மகன், "பொறுங்கோ அம்மா, இனி இங்கேயிருந்தே டொக்டர் ரோபோவால் செய்வார்" என்கிறான். உண்மையோ? நடுவில் கரண்ட் போனால் அது என்னை வெட்டிப்போடாதோ?
- வாசகி, கோப்பாய்

பதில்: மகன் சொல்வது முழுப்பொய் இல்லை அம்மா. 2001 செப்டெம்பர் 7இல் ஜாக் மரெஸ்கோ என்ற பிரெஞ்சு நிபுணர் நியூயோர்க்கில் இருந்துகொண்டு, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுத்திருந்த 68 வயது அம்மா ஒருவருக்கு இதே பித்தப்பையைத்தான் எடுத்தார். வீட்டு வைஃபையில் இல்லை, அதற்கென்றே ஒதுக்கிய கண்ணாடியிழை இணைப்பில். இங்கே கை அசைந்து, அங்கே கருவி அசைந்து, அந்தப் படம் திரும்பிவர ஏறத்தாழ 0.155 வினாடி. நோயாளிக்குப் பக்கத்திலும் டொக்டர்மார் ஆயத்தமாக நின்றார்கள், அதை மகன் சொல்லியிருக்க மாட்டார்.

வட்ஸ்அப்பில் நீங்களும் அவரும் ஒரே நேரத்தில் "ஹலோ" சொல்லி, பிறகு ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பீர்களே, அந்தத் தாமதம்தான் இதில் பெரிய தலையிடி. ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்கோட்டில் கம்பி இழுத்தாலும் 13,000 கிலோமீற்றருக்கு மேல், போய்வரவே 0.13 வினாடி, உண்மையான கம்பியோ கடலெல்லாம் சுற்றி வருகிறது. கத்தி இரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் நிற்கும்போது அது சின்ன விஷயம் இல்லை.

ரோபோ என்றவுடன் தானாக வெட்டும் என்று பயப்படவேண்டாம். டாவின்சி என்ற ரோபோவை எடுத்தால், டொக்டர் பெரும்பாலும் அதே தியேட்டரில் சில அடி தள்ளி உட்கார்ந்து பிடிகளை அசைப்பார். கை நடுக்கத்தைக் கணினி வடிகட்டிவிடும், மூன்று சென்ரிமீற்றர் அசைவை ஒன்றாகவும் சுருக்கித் தரும். அவர் பார்வைக் கண்ணாடியிலிருந்து தலையை எடுத்தால் கருவிகள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். கரண்ட் போனால் பற்றரி இருக்கு.

எனக்குப் பிடிக்காத ஒன்று: வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் விடுகிற பெடியனுக்கு, மேலே காற்று எப்படி என்று நூலின் இழுவையே சொல்லும், அண்ணாந்து பார்க்கவே தேவையில்லை. டாவின்சியில் அந்த இழுவை இருபது வருடத்துக்கு மேல் கைக்கு வரவில்லை, தையல் எவ்வளவு இறுகுது என்பதைக் கண்ணால் பார்த்தே கணக்குப் போட்டார்கள். 2024இல் வந்த டாவின்சி 5இல்தான் அதைக் கொஞ்சம் திருப்பித் தருகிறார்கள்.

சரி, உங்கள் கல்லுக்கு இதெல்லாம் வேண்டாம். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுக் கமெராவால் பார்த்து எடுப்பது இப்போது வழக்கமான வேலை. திகதி தந்தால் போய்ப் படுங்கோ, காய்ச்சலோடு வலி வந்தால் திகதியையும் பார்க்காமல் ஓடுங்கோ.

கேள்வி: வேறொருவன் நடுவில் புகுந்து ரோபோவைக் கைப்பற்ற முடியாதா?
- மாணவன், சுன்னாகம்

பதில்: முடியும் தம்பி. வோஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரேவன் என்ற பரிசோதனை ரோபோவில் 2015இல் செய்தே காட்டினார்கள், கட்டளைகளைத் தாமதிக்கவும் மாற்றவும் முடிந்தது. நல்லவேளை, மேசையில் நோயாளி இருக்கவில்லை.