போர்த்தி வைத்தும் செடி கருகுவது ஏன்?

உங்கள் கேள்வி: குளிர் இரவுகளில் செடியின் தலையில் பாலித்தீன் பையைக் கவிழ்த்து, தண்டோடு சேர்த்துக் கயிறு கட்டியும் காலையில் இலைகள் கருகிக் கிடக்கின்றன, வேறு என்ன செய்வது?

முதலில் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். நமக்குக் கம்பளி கதகதப்பாக இருப்பது உடம்பு உள்ளே சூட்டை உண்டாக்குவதால். செடி அப்படிச் செய்வதில்லை. இரவில் அதற்குக் கிடைக்கும் சூடெல்லாம் பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும் மண்ணிலிருந்து மேலே வருவதுதான், தண்டில் இறுக்கிக் கட்டினால் அது உள்ளே வர வழியே இல்லை. அதனால் போர்வை கூடாரம் மாதிரி நாலு பக்கமும் தரை வரை இறங்க வேண்டும், ஓரங்களில் கல் வைத்துவிடுங்கள். பாலித்தீன் தொடுகிற இலைதான் முதலில் கருகும், அதைவிடப் பழைய பெட்ஷீட்டோ சாக்கோ நல்லது. பாலித்தீன்தான் இருக்கிறது என்றால் குச்சிகள் நட்டு, இலையில் படாமல் விரியுங்கள். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் செடி உள்ளேயே வெந்துபோகும், மண்ணும் அடுத்த இரவுக்கான சூட்டைச் சரியாக வாங்காது.

எந்த இரவில் போர்த்துவது? மேகமே இல்லாமல், காற்றும் அசையாத இரவுகள்தான் மோசம், தரையின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். வானிலை அறிக்கையில் 3 டிகிரி என்று போட்டிருக்க, காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அளவு தரையிலிருந்து ஆள் உயரத்தில் எடுத்தது, குளிர்ந்த காற்று கனமானது என்பதால் கீழே இறங்கித் தேங்கும். நான் 4 டிகிரி என்று பார்த்தாலே போர்த்திவிடுவேன். துளசி, வாழை போன்ற வெப்பமண்டலச் செடிகள் வேறு கதை, உறையவே வேண்டாம், 10 டிகிரிக்குக் கீழே போனாலே வாடும்.

அப்புறம் தண்ணீர். குளிருக்கு முன் தண்ணீர் விடக்கூடாது என்று பலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. காய்ந்த மண்ணைவிட ஈர மண் அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும், பகலிலேயே வேர்ப்பக்கம் விட்டுவிடுங்கள். கள்ளி வகைகளுக்கு மட்டும் வேண்டாம், அவை காய்ந்தே இருக்கட்டும்.

செடியைச் சுற்றி மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்கு விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. வைக்கோலோ சருகோ 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் போட்டால் வேருக்கு நல்லது, ஆனால் மண்ணின் சூடு மேலே வருவதையும் அது தடுக்கும், அதாவது வேர் தப்பும், இலை இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குளிரும். குட்டையான காய்கறிச் செடிகளைப் போர்த்துகிற இரவுகளில் நான் மூடாக்கை ஓரமாக ஒதுக்கிவிடுவேன்.

தொட்டிச் செடிகளுக்கு எல்லாப் பக்கமும் குளிர் ஏறும், வேரோ தண்டைவிடக் குளிருக்கு மென்மையானது. பகலில் வெயில் படும் சுவரோரம் நெருக்கமாக வையுங்கள்.

ஏற்கெனவே கருகியதை உடனே வெட்ட வேண்டாம், காய்ந்த இலை உள்ளே உயிரோடு இருக்கும் பகுதிக்கு ஒரு மறைப்பு, வெட்டினால் துளிர் விட்டு அதுவும் அடுத்த பனியில் போகும். தழைச்சத்து உரத்தையும் இப்போது நிறுத்துங்கள். குளிர் முடிந்ததும் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், அடியில் பச்சை தெரிந்தால் அந்தக் கிளை பிழைத்திருக்கிறது, பச்சை தெரியாத பகுதியை மட்டும் வெட்டினால் போதும்.