இரண்டு ஜோடி சாக்ஸ் போடலாமா?

கேள்வி: முதல் முறையாகக் குடும்பத்தோடு பனிச்சறுக்குக்குப் போகிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. எல்லோருக்கும் பருத்தி பனியன், தடிமனான ஸ்வெட்டர், ஜீன்ஸ், ஆளுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் என்று எடுத்து வைத்திருக்கிறேன். போதுமா? எதை வாங்க வேண்டும், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

பதில்: முதலில் அந்தப் பனியனையும் ஜீன்ஸையும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். சறுக்கும்போது நன்றாக வியர்க்கும். அப்புறம் மலைமேலே கொண்டுபோகும் நாற்காலி லிஃப்டில் ஏறி, காற்றில் அசையாமல் உட்கார்ந்திருப்பீர்கள். பருத்தி குடித்த வியர்வையை லேசில் விடாது. அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஜீன்ஸும் பருத்திதான். புதிதாகக் கற்பவர்கள் விழுந்து விழுந்து எழுவார்கள், முட்டி சீக்கிரமே நனைந்துவிடும்.

தோலை ஒட்டி மெரினோ கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ மெல்லிய தெர்மல் உள்ளாடை போடுங்கள். அதன்மேல் ஃப்ளீஸ், அதாவது பஞ்சுபோல் மெத்தென்ற செயற்கை இழை மேலாடை. அதற்கும் மேலே, தண்ணீர் புகாத, ஆனால் வியர்வை ஆவியை வெளியே விடுகிற ஜாக்கெட்டும் பேன்ட்டும். நீர்புகாமைக்கு (துணி எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்ற அளவு) லேபிளில் 10,000 மி.மீ. என்று இருந்தால் சாதாரண நாட்களுக்குத் தாங்கும். ஸ்வெட்டர் கம்பளி என்றால் ஃப்ளீஸுக்குப் பதிலாக அதையே நடுவில் போடலாம். ஆனால் தடிமனாக ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு நல்லது. வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்றிவிடலாம். மகனுக்குத் தோளில் மாட்டும் பட்டையோடு மார்பு வரை வரும் பேன்ட்டாகப் பாருங்கள். விழுந்தாலும் இடுப்பு வழியாகப் பனி உள்ளே போகாது.

சாக்ஸ் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் முதல் பயணத்தில் என் மகளுக்கு நானே இரண்டு ஜோடி மாட்டி, பூட்ஸின் பக்கிள்களை இறுக்கிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் கால் மரத்துவிட்டது என்று அழுதாள். பூட்ஸைக் கழற்றினால், உள் சாக்ஸ் சுருண்டு கணுக்காலில் வளையம்போல் நிற்கிறது. அதன் மடிப்பு, கயிறு கட்டிய தடம்போல் தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தது. விரல்கள் வெளுத்து, தொட்டால் சில்லென்றிருந்தன. இரத்த ஓட்டம் குறைந்தால் எத்தனை சாக்ஸ் போட்டும் கால் சூடாகாது. முழங்கால் வரை ஏறும் மெல்லிய ஸ்கீ சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி போதும். தெர்மலின் கால் பகுதியைக்கூட பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். மேலே சுருட்டி விடுங்கள். பூட்ஸுக்குள் காலும் சாக்ஸும் மட்டும்தான் இருக்க வேண்டும்.

ஸ்கீ (காலில் மாட்டும் சறுக்குப் பலகை), பூட்ஸ், கைக்கோல், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்கு எடுக்கலாம். வளரும் பிள்ளைகளுக்கு இவற்றை வாங்குவது வீண். தோலைத் தொடும் தெர்மலையும் சாக்ஸையும் வாங்குங்கள். கையுறை, கண்ணுக்கு காகிள்ஸ் இரண்டும் சொந்தமாக இருப்பதே நல்லது. ஜாக்கெட், பேன்ட்டை உறவினர் வீட்டுப் பிள்ளைகளிடம் இரவல் கேட்கத் தயங்காதீர்கள். சின்னவனுக்கு ஐந்து விரல் கையுறை வேண்டாம். நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் வாங்குங்கள். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். கையுறை கட்டாயம் நனையும், அதனால் மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும்.

வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள். நேராக நின்றால் விரல் நுனி பூட்ஸின் முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கிச் சாய்ந்தால் சற்றுப் பின்வாங்க வேண்டும். எடை, உயரம், வயது, அனுபவம் எல்லாம் கேட்பார்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. விழும்போது ஸ்கீ காலைவிட்டுக் கழல வேண்டிய அளவை அதை வைத்துத்தான் அமைக்கிறார்கள். கணக்குத் தப்பினால் வேண்டாத நேரத்தில் கழலும், அல்லது வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்காலைத் திருகிவிடும். ஹெல்மெட்டுக்குள் தடித்த கம்பளிக் குல்லா வேண்டாம், ஹெல்மெட் சரியாக உட்காராது. தொங்கும் மஃப்ளரும் வேண்டாம், லிஃப்டில் சிக்கும். கழுத்தைச் சுற்றி வரும் குழாய்த் துணி போதும்.

புதுப் பனி, புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். சன்ஸ்கிரீனை மூக்கின் அடியிலும் தாடையின் கீழும் மறக்காமல் தடவுங்கள்.

கேள்வி: 68 வயது மாமியாரும் எங்களோடு பனிச்சறுக்கு பார்க்க வருகிறார். அவர் சறுக்கப் போவதில்லை. எங்களைப்போலவே உடுத்தினால் போதுமா?

பதில்: போதாது. அசையாமல் நிற்பவருக்குத்தான் குளிர் அதிகம். தெர்மல், ஃப்ளீஸுக்கு மேல் தொடை வரை வரும், இறகு அடைத்த ஜாக்கெட் கொடுங்கள். பனி பெய்தால் இறகு நனைந்து சூட்டை இழந்துவிடும், மேலே நீர்புகாத உறை வேண்டும். காலணிதான் முக்கியம்: உள்ளே கம்பளி, அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர் அடிப்பாகம், விரல்களை அசைக்க இடம். வாகன நிறுத்தத்தில் மிதிபட்டு உறைந்த பனி கண்ணாடிபோல் வழுக்கும். அங்கே அவர் கையைப் பிடித்தே கூட்டிப்போங்கள்.