வாசகர் கேள்வி–பதில்: ஒரு கீர்த்தனைக்கு எதற்கு இத்தனை பெட்டிகள்?

கேள்வி: கைபேசியில் கேட்கக்கூடிய அதே கீர்த்தனையைக் கேட்பதற்காக என் கணவர் வரவேற்பறையில் பாதியை ஆம்ப்ளிஃபையருக்கும் ஆளுயர ஸ்பீக்கர்களுக்கும் கொடுத்துவிட்டார். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். குறுக்கே யாரும் நடக்கக்கூடாது. முன்பெல்லாம் பாட்டு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் சமைப்போம், பேசுவோம். இதில் அப்படி என்னதான் இருக்கிறது?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: கீர்த்தனை அதேதான், ஆனால் கைபேசி அதை முழுமையாகத் தருவதில்லை. மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20 அதிர்வுகள்) முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கவல்லது. கைபேசியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஊமை. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை அதில் ஓரளவு கேட்கும். ரவையைக் குழைத்து அப்பிய இடப்பக்கமான தொப்பியில் இடக்கை அழுத்தி எழுப்பும் கும்கி என்ற ஆழ்ந்த ஓசையை, மேலே கேட்கும் ஓசைகளைக் கொண்டு மூளை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். நல்ல ஸ்பீக்கரில் அது நெஞ்சில் வந்து படும்.

அந்த நாற்காலிக்கும் காரணம் உண்டு. பக்கவாட்டிலிருந்து வரும் ஓசை ஒரு காதை எட்டிய பிறகு மற்றதை எட்ட ஆகும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு; அந்த நுண்ணிய வேறுபாட்டையும் பயன்படுத்தியே மூளை திசையை அறிகிறது. ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ என்ற இரு தட ஒலி முறை இந்த இயல்பின் மேல் கட்டப்பட்டது. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைந்தால், பாடகரின் குரல் எதுவுமே இல்லாத நடுவெளியிலிருந்து எழும். வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மறுபக்கமும் இடம்பிடிக்கும். நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினால் பாடகர் அருகிலுள்ள ஸ்பீக்கருக்குள் போய்விடுவார். (பெரியவர்கள் சேர்த்துவைத்த 78 சுற்று இசைத்தட்டுகளில் இந்த வித்தையை எதிர்பார்க்காதீர்கள், அவை மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிவானவை.) கண்ணுக்குப் பெட்டிகள் தெரிந்துகொண்டே இருந்தால் இந்த மாயம் கலையும் என்பதால்தான் விளக்கை அணைக்கிறார்.

இவ்வளவு பாடுபட்டு அவர் தேடுவது ஓசையின் துல்லியத்தை மட்டும் அல்ல என்பது என் எண்ணம். இசை கேட்டு மெய்சிலிர்ப்பவர்களின் மூளையை ஆராய்ந்து மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வில், உச்சக் கணத்தில் மட்டுமன்றி அதை எதிர்பார்த்திருக்கும் கணங்களிலும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சுரப்பது தெரியவந்தது. ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் பாடகர் எப்போது எடுத்த வரிக்குத் திரும்புவார் என்று காத்திருக்கும் இன்பம் அது. சமையலுக்கும் பேச்சுக்கும் நடுவே அந்தக் காத்திருப்பு அறுந்துபோகிறது. சென்னையில் இருப்பவருக்கு மார்கழியில் சபாக்கள் உண்டு. கச்சேரியை நேரில் கேட்பது அரிதாகவே வாய்க்கும் டர்பனில், அந்த நாற்காலிதான் அவருடைய சபா. ஆயினும் வீடு உங்களுடையதும்தான் என்பதால், இரவில் ஒரு மணி நேரம் அவருக்கு, மற்ற நேரமெல்லாம் வரவேற்பறை எல்லோருக்கும் என்று பேசி முடித்துக்கொள்வதே நியாயம். ஒருநாள் அந்த நாற்காலியை நீங்கள் கேட்டு வாங்கி உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: நானும் இப்படிக் கேட்க ஆசைப்படுகிறேன். விலையுயர்ந்த கேபிளில் தொடங்கலாமா?
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: வேண்டாம், முதலில் அறையைப் பாருங்கள். தரையில் டைல்ஸும் வெறும் சுவர்களும் உள்ள அறையில் ஓசை முட்டி மோதித் தெளிவிழக்கும். ஒரு கனத்த விரிப்பும் திரைச்சீலையும் நிறைந்த புத்தக அலமாரியும் எந்தக் கேபிளையும்விடப் பயன் தரும். 50 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் ஏறத்தாழ 6.9 மீட்டர் ஆதலால், அதில் பாதியான மூன்றரை மீட்டர் நீள அறையில் அந்தக் கீழோசை சில இடங்களில் வீங்கியும் சில இடங்களில் காணாமலும் போகும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து சற்று முன்னே இழுத்து, உட்காரும் இடத்தையும் மாற்றிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. பழைய ஸ்பீக்கர் வாங்குவதானால் கூம்பின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். டர்பன் புழுக்கத்தில் விளிம்பிலுள்ள நுரைப் பட்டைகள் விரைவில் பொடிந்துவிடும், ரப்பர் விளிம்பு தாங்கும்.